நேயர்களுக்குப் பட்ட கடன்

1938 ஜனவரியில் லண்டனிலிருந்து அரபு மொழியில் ஒரு குரல் எழுந்தது. "ஹுனா லண்டன்", இங்கே லண்டன், என்று தன்னை அறிவித்துக்கொண்ட அந்த ஒலிபரப்புதான் ஆங்கிலம் அல்லாத மொழியில் பிபிசி நடத்திய முதல் சேவை. 85 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரி 27 அன்று, அந்தக் குரல் வானொலியில் ஓய்ந்தது. தொலைக்காட்சி இருக்கும், இணையதளம் இருக்கும், வானொலி மட்டும் இராது என்றது நிர்வாகம். பதினொரு வாரம் போயிற்று. ஏப்ரல் 15 அன்று சூடானில் ராணுவமும் துணை ராணுவப் படையும் மோதிக்கொண்டன. கார்ட்டூம் நகரில் மின்சாரம் போனது; இணையம் விட்டுவிட்டு வந்தது; எந்தச் சாலையில் தப்பிப் போவது என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்தன. மே மாதத் தொடக்கத்தில் பிபிசி, சூடான் மக்களுக்கென்று நாளுக்கு இருமுறை சிற்றலையில் அவசர அரபு ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் காசாவுக்கென்று மத்திய அலையில் இன்னொன்றைத் தொடங்க வேண்டிவந்தது.

மூடியதற்கும் திறந்ததற்கும் இடையில் கழிந்த அந்தச் சில மாதங்களில் ஒரு பழைய அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. தன் சொல்லை நம்பி வாழும்படி ஒருவரைப் பழக்கிவிட்டு, பிறகு பேச்சை நிறுத்திக்கொள்ள யாருக்காவது உரிமை உண்டா? பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு நிறுவனம், பல பத்தாண்டுகளாகத் தன்னைக் கேட்டுவந்தவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறதா? பட்டிருக்கிறது என்றால், அந்தக் கடன் எதனால் உண்டாகிறது, எதுவரை நீள்கிறது?

முடிவெடுத்தவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்க வேண்டும். 2022 ஜனவரியில் பிரிட்டன் அரசு, ஒவ்வொரு வீடும் பிபிசிக்குச் செலுத்தும் உரிமக் கட்டணத்தை 159 பவுண்டிலேயே இரண்டு ஆண்டுக்கு நிறுத்திவைத்தது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. வெளியுறவுத் துறையின் மானியத்தில் நடந்துவந்த பிபிசி உலகச் சேவை, 2014 முதல் பெரும்பாலும் இந்தக் கட்டணத்தையே நம்பியிருந்தது. 2022 செப்டம்பர் இறுதியில் அறிவிப்பு வந்தது: உலகச் சேவையில் 382 பணியிடங்கள் போகும், ஆண்டுக்கு 2 கோடியே 85 லட்சம் பவுண்டு மிச்சமாகும், அரபு, பாரசீகம், கிர்கிஸ், உஸ்பெக், இந்தி, வங்காளம், சீனம், இந்தோனேசியம், தமிழ், உருது ஆகிய 10 மொழிகளில் வானொலி நிற்கும்.

இதற்குப் பின்னால் ஓர் அறவாதம் இருக்கிறது. பணம் பிரிட்டனில் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவரின் பையிலிருந்தும் வருகிறது. அதை வீணாக்குவது பாவம். சிற்றலையைத் திருகுவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள், கைப்பேசியில் செய்தி பார்ப்போர் பெருகுகிறார்கள். அதே பணத்தில் அதிகம் பேருக்குச் செய்தி போய்ச்சேர வழியிருக்கும்போது, குறைவான பேருக்காகச் செலவிடுவது எப்படி அறமாகும்? பெந்தாமும் மில்லும் வகுத்த பயன்முதல்வாதம் இதைத்தான் கேட்கும். அந்தத் தராசில் ஒவ்வொரு மனிதருக்கும் எடை ஒன்றே. நாற்பது ஆண்டு கேட்டவருக்கும் எடை ஒன்று, நேற்றுச் செயலியைத் தரவிறக்கியவருக்கும் எடை ஒன்று. பிறப்பும் பதவியும் பாராமல் எல்லோரையும் சமமாக நிறுக்கிறது என்பதால் அந்தத் தராசுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் காலத்தை நிறுக்க அதில் தட்டு இல்லை.

காலத்துக்கு எடை உண்டா என்பதுதான் இங்கே வழக்கு. அதற்கு விடை தேட, பிறர் சொல்லால் நமக்கு அறிவு எப்படி வருகிறது என்று ஆராய்ந்தவர்களிடம் போக வேண்டும்.

நியாய தரிசனம் அறிவுக்கு நான்கு வாயில்களைச் சொல்கிறது: காட்சி, அனுமானம், உவமானம், சப்தம். கடைசியாக உள்ள சப்தம் என்பது ஆப்தரின் சொல். யார் ஆப்தர்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் தரும் விளக்கம் எளிமையானது. பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் வேண்டும். அவ்வளவுதான். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். குலமோ வேதமோ கேட்கப்படவில்லை. தமிழ்ச் சைவ மரபிலும் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். அங்கே உரை என்பது இறைநூல். ஆனாலும், கண்ணால் காணாததையும் ஊகத்தால் எட்ட முடியாததையும் நம்பத்தக்க ஒரு சொல்லால் அறிகிறோம் என்ற உண்மைக்கு அந்த மரபும் தனி இடம் கொடுத்திருக்கிறது.

கடல்கடந்த ஒரு மிலேச்சக் குரல் எப்படி ஆப்தக் குரலாக மாறும்? அதை யாழ்ப்பாணத்தார் அறிவார்கள். தமிழில் பிபிசியின் ஒலிபரப்பு 1941 மே மாதம் ஒரு வாராந்தரச் செய்தி மடலாகத் தொடங்கியது. பின்னால் இலங்கையிலிருந்து சென்ற சோ. சிவபாதசுந்தரம் அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தார். 1990களில் வட இலங்கை மீது பொருளாதாரத் தடை இருந்தபோது, யாழ்ப்பாணத்தார் பற்றறி என்று சொல்லும் பேட்டரி தடைசெய்யப்பட்ட பொருள். மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலியைப் பாடவைத்தார்கள். இந்திய நேரப்படி இரவு 9.15 மணிக்கு லண்டனிலிருந்து செய்தி வரும். சுற்றும் கை ஓய்ந்தால் குரலும் ஓயும். ஆனந்தி சூரியப்பிரகாசம் போன்றோரின் குரல் அந்த வீடுகளில் உறவினர் குரலைப்போல அடையாளம் காணப்பட்டது இப்படித்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது கேட்டவர்களின் வேலை. அவர்கள் சும்மா நம்பவில்லை, சோதித்தார்கள். குண்டு விழுந்தது தங்கள் தெருவில். இறந்தவர் எத்தனை என்று அவர்களுக்குத் தெரியும். கொழும்பு ஒன்று சொல்லும், போராளிகள் வேறொன்று சொல்வார்கள், லண்டன் என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியபோது நம்பிக்கை ஒரு படி ஏறியது. பொருந்தாதபோது கோபித்துக் கடிதம் எழுதினார்கள், தெருமுனையில் வாதாடினார்கள், மறுநாளும் கேட்டார்கள். ஒரு குரல் ஆப்தக் குரல் ஆவது ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. ஆயிரக்கணக்கான இரவுகளில், சொன்னதும் கண்டதும் ஒத்துப்போகிறதா என்று ஆயிரக்கணக்கான பேர் பார்த்துப் பார்த்து எழுதிய தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பில் பாதி உழைப்பு நேயருடையது.

பழைய நேயரின் உரிமை இங்கிருந்துதான் பிறக்கிறது. அது வயதுக்குத் தரும் சலுகை இல்லை, நினைவேக்கத்துக்குத் தரும் ஆறுதலும் இல்லை. இன்று ஓர் இளைஞர் கைப்பேசியில் பிபிசி என்ற பெயரைப் பார்த்ததும் நம்பிப் படிக்கிறார் என்றால், அந்த நம்பிக்கையைச் சோதித்து உறுதிசெய்து கொடுத்தவர்கள் அவருடைய தாத்தா பாட்டிமார். நிறுவனத்தின் மிகப் பெரிய சொத்து அதன் கட்டடமோ கருவியோ இல்லை, அந்தப் பெயர்தான். அந்தப் பெயரைச் சேர்ந்து சம்பாதித்தவர்களை வரவுசெலவுக் கணக்கில் பயனாளிகள் என்று மட்டும் எழுதுவது கணக்குப் பிழை.

வங்கதேசத்தில் பாப்னா மாவட்டத்து ரூப்பூரில் ஒரு சந்தை இருக்கிறது. பெயர் பிபிசி பஜார். 1971 விடுதலைப் போரின்போது அங்கே ஒரு தேநீர்க் கடையில் இருந்த வானொலியைச் சுற்றி ஊர் கூடி வங்காளச் செய்தி கேட்கும். பாகிஸ்தான் ராணுவத்தின் கண்ணில் பட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத காலம். போர் முடிந்த பிறகும் அந்தப் பெயர் இடத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த மொழியில் வானொலி 2022 டிசம்பர் 31 அன்று நின்றது. 1941 முதல் 81 ஆண்டுகள் ஒலித்திருந்தது. இரண்டாம் உலகப் போரிலும் இதே கதைதான். 1939 செப்டம்பர் 1 முதல் அயல்நாட்டு வானொலி கேட்பதை நாஜி ஜெர்மனி குற்றமாக்கியது. கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனைவரை போகலாம். 1943இல் நெதர்லாந்தில் வானொலிப் பெட்டிகளையே பறிமுதல் செய்தார்கள். உரிமக் கட்டணம் செலுத்தாதவர்களுக்கு என்ன கடன் என்று கேட்பவர்களுக்கு இவையே பதில். அவர்கள் செலுத்தியது பவுண்டில் இல்லை.

குரலின் மறுமுனையில் இருந்தவர்களும் விலை கொடுத்தார்கள். பல்கேரியாவிலிருந்து தப்பிவந்து பிபிசியில் பணியாற்றிய எழுத்தாளர் கியோர்கி மார்கோவ், 1978 செப்டம்பரில் லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே நச்சுக் குண்டு செலுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்.

தத்துவப் பேராசிரியர் ஆனெட் பேயர் 1986இல் நம்பிக்கை பற்றி எழுதிய ஒரு கட்டுரை இந்த வழக்குக்கு நேராகப் பயன்படுகிறது. ஒருவரைச் சார்ந்திருப்பது வேறு, நம்புவது வேறு என்கிறார் அவர். இம்மானுவேல் கான்ட் நாள்தோறும் ஒரே நேரத்தில் நடக்கப் போவார்; அண்டைவீட்டார் அவரைப் பார்த்துக் கடிகாரம் திருத்திக்கொள்வார்களாம். ஒருநாள் கான்ட் தூங்கிப்போனால் அவர்களுக்கு ஏமாற்றம் இருக்கும். ஆனால் கான்ட் தங்களைக் கைவிட்டார் என்று அவர்கள் சொல்ல முடியாது. அவர் தமக்காக நடந்தார், அவர்களுக்காக நடக்கவில்லை. நம்பிக்கை என்பது மற்றவரின் நல்லெண்ணத்தின்மேல் சாய்வது. அங்கேதான் கைவிடப்படுதல் என்ற காயம் சாத்தியமாகிறது.

வானொலி நிலையம் கான்ட்டைப்போல் தன்பாட்டுக்கு நடந்துபோகிற ஆளா? "நேயர்களே" என்று விளித்தது யார்? கடிதம் எழுதுங்கள் என்று முகவரி சொன்னது யார்? நாளை இதே நேரம், இதே அலைவரிசையில் சந்திப்போம் என்று ஒவ்வோர் இரவும் விடைபெற்றது யார்? ஒருமுறை சொன்னால் அது உபசாரம். எழுபது ஆண்டு சொன்னால் வாக்கு. எழுதிக் கையொப்பமிடாத வாக்குகளும் வாக்குகளே என்பதை நம் ஊரில் வட்டிக்குக் கொடுக்கல் வாங்கல் செய்பவர்கூட ஒப்புக்கொள்வார்.

வள்ளுவர் பழைமை என்று ஒரு முழு அதிகாரம் வைத்திருக்கிறார், 81ஆவது. நெடுநாள் பழகியவர்கள் உரிமை எடுத்துக்கொண்டு செய்வதைப் பொறுத்துக்கொள்ளும் பண்பைப் பற்றியது அது. யோசித்துப் பார்த்தால், வானொலி விஷயத்தில் அந்தப் பண்பைக் காட்டியவர்கள் நேயர்கள்தான். இரைச்சலைப் பொறுத்தார்கள். நேரம் மாற்றியபோது பொறுத்தார்கள். அலைவரிசை மாறியபோது தேடிப் பிடித்தார்கள். ஒலிபரப்பு சுருங்கியபோதும் முகம் சுளிக்கவில்லை. பழைமையின் பாரம் முழுவதையும் ஒரு தரப்பே சுமந்தது. மறு தரப்பு காட்ட வேண்டியதற்கு வள்ளுவர் வேறோர் இடத்தில் பெயர் கொடுத்திருக்கிறார், செய்ந்நன்றி என்று.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொண்டாக வேண்டும். நேயருக்கு விலகிப்போகும் உரிமை எப்போதும் உண்டே, நிலையத்துக்கு மட்டும் ஏன் இல்லை? நம் நாட்டிலேயே நடந்ததுதான். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், செவ்விசையே மக்களுக்கு நல்லது என்று திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கினார். மக்கள் குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கித்தான் அரசு அவர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது. போனவர்களை யாரும் நன்றிகெட்டவர்கள் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. காரணம், இரு தரப்பும் சமமானவை இல்லை. நேயர் நாளை வருவேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நேயர் போனால் நிலையத்துக்கு ஓர் எண் குறையும். நிலையம் போனால், மாற்று இல்லாத நேயருக்கு உலகமே இருண்டுபோகும். எளியவர் வலியவரை விட்டு விலகுவதும், வலியவர் எளியவரை விட்டு விலகுவதும் ஒரே செயலாகா. கேஸ்கர் கதை இன்னொன்றையும் காட்டுகிறது. நேயரைத் திருத்தப்பட வேண்டிய மாணவராகப் பார்ப்பதும் தவறு. அவர் சோதிக்கத் தெரிந்தவர்.

அதற்காக, தொடங்கியது எதையும் நிறுத்தவே கூடாது என்று சொல்வதற்கில்லை. 2005இல் பிபிசி 10 மொழிச் சேவைகளை மூட முடிவெடுத்தது. போலிஷ், செக், ஹங்கேரியன், ஸ்லோவாக், பல்கேரியன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. பனிப்போர்க் காலத்தில் அந்நாட்டு மக்களுக்கு லண்டன் குரல் உயிர்மூச்சு. 2005இல் அங்கே சுதந்திரப் பத்திரிகைகள் வந்துவிட்டன, பெரும்பாலான நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தும்விட்டன. மிச்சமான பணத்தில் அரபு மொழித் தொலைக்காட்சி உருவானது. கேட்டவர்கள் தங்கள் மண்ணிலேயே நம்பத்தக்க குரல்களைப் பெற்ற பிறகு விடைபெறுவது கைவிடுதல் ஆகாது. ஆசிரியர் மாணவரை விட்டு விலகுவதைப்போல அது கௌரவமான பிரிவு.

ஆனால் அதே பட்டியலில் தாய் மொழியும் இருந்தது. தாய்லாந்துச் சேவை மூடப்பட்ட 2006ஆம் ஆண்டிலேயே, செப்டம்பரில், பாங்காக்கில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2014 மே மாதம் மறுபடியும் பிடித்தது. அந்த ஜூலையில் பிபிசி ஃபேஸ்புக்கில் தாய் மொழிச் செய்தியை மீண்டும் தொடங்கியது. 2011இல் மூடப்பட்ட செர்பியச் சேவை 2018இல் இணையத்தில் திரும்பியது. ஒரே கூட்டத்தில், ஒரே தாளில், ஒரே அளவுகோலால் போலந்தையும் தாய்லாந்தையும் அளந்ததுதான் பிழை. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்த்தார்கள். நாம் போனபின் இவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று பார்க்கவில்லை.

இதில் மனத்தை மிகவும் உறுத்துவது காஷ்மீர். 2019 ஆகஸ்டில் அங்கே தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டபோது, பிபிசி தன் இந்தி சிற்றலை ஒலிபரப்பை அரைமணி நேரம் கூட்டியது. உருதுவில் 15 நிமிட நிகழ்ச்சி ஒன்றைப் புதிதாகத் தொடங்கியது. சரியான காரியம். ஆறு மாதம் ஆகுமுன், 2020 ஜனவரி 31 அன்று, இந்தி சிற்றலை நின்றது. அப்போது காஷ்மீரில் வேகம் குறைந்த இணையம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. 4ஜி முழுதாகத் திரும்ப இன்னும் ஓராண்டு இருந்தது. சிற்றலைக்கு ஓர் அரிய குணம் உண்டு. ஒலிபரப்பும் கோபுரத்துக்கும் கேட்கும் பெட்டிக்கும் நடுவே யாரும் இல்லை. யார் கேட்டார் என்ற பதிவு எங்கும் சேராது. மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவில் அதை அணைக்க முடியாது. அதற்குப் பதிலாக இணையதளம் தருகிறோம் என்பது, எந்த ஆபத்துக்காக அந்தக் குரல் இருந்ததோ அந்த ஆபத்திலேயே நேயரை விட்டுவிடுவது.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று முடிந்தது. 76 ஆண்டு நிறைய சில நாட்களே பாக்கி. அந்த ஆண்டு பிபிசி உலகச் சேவை வறுமையில் இல்லை. 28 கோடியே 90 லட்சம் பவுண்டு அரசு நிதி கிடைத்து, 1940களுக்குப் பின் இதுவே மிகப்பெரிய விரிவு என்று 11 புதிய மொழிகளை அறிவித்திருந்த வேளை அது. தெலுங்கும் குஜராத்தியும் மராத்தியும் பஞ்சாபியும் சேர்ந்தன. வடகொரியாவை எண்ணிக் கொரிய மொழியில் சிற்றலை ஒலிபரப்பே புதிதாகத் தொடங்கினார்கள். மாற்று இல்லாதவருக்குச் சிற்றலையின் அருமை நிர்வாகத்துக்குத் தெரிந்தே இருந்தது. வன்னியிலும் மலையகத்திலும் அந்தப் பெட்டியை வைத்திருந்த முதியவர்களுக்கு இணையம் மாற்றாகிவிட்டது என்று யார் முடிவு செய்தார், எதைப் பார்த்து முடிவு செய்தார் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

யார் கூப்பாடு கேட்கப்படுகிறது என்பதிலும் ஒரு நீதிக் கேள்வி இருக்கிறது. 2010 மார்ச்சில் பிபிசி 6 மியூசிக் என்ற இசை நிலையத்தை மூடப்போவதாக நிர்வாகம் சொன்னது. ரசிகர்கள் திரண்டார்கள், கேட்போர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது, ஜூலையில் பிபிசி அறக்கட்டளை அந்த முடிவை நிராகரித்தது. 2023 மார்ச் 7 அன்று, 1924 முதல் பாடிவந்த பிபிசி சிங்கர்ஸ் குழுவைக் கலைப்பதாக அறிவிப்பு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த மாதமே முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2011இல் இந்தி சிற்றலையை மூட முற்பட்டபோது விக்ரம் சேத், அருந்ததி ராய், மார்க் டல்லி போன்றோர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஒரு மணி நேர ஒலிபரப்பு தப்பியது. இந்த வெற்றிகள் எல்லாம் நல்லவையே. ஆனால் லண்டனில் கேட்கும் தூரத்தில் நிற்பவர்களுக்கும், ஆங்கிலப் பத்திரிகையில் கடிதம் வெளியிட ஆள் உள்ளவர்களுக்கும்தான் மறுவிசாரணை வாய்த்தது. மிக அதிகம் சார்ந்திருந்தவர்களுக்குக் குரல் மிகக் குறைவு. கடன் கொடுத்தவர் வாசலில் நின்று சத்தம் போட்டால்தான் திருப்பித் தருவது கடன்பட்டவருக்கு அழகில்லை.

பிபிசி தன் தொடக்கத்தில் இதைவிட நுட்பமான காதோடு இருந்தது. 1920களில் கேத்லீன் கார்டியூ என்ற நேயர், நோயில் கிடப்பவர்களுக்கும் தனிமையில் வாடுபவர்களுக்கும் நாள்தோறும் சிறு வழிபாடு ஒன்றை ஒலிபரப்புங்கள் என்று விடாமல் எழுதினார். பல ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கினார். 1928 ஜனவரி 2 அன்று தினசரி வழிபாடு தொடங்கியது. அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு பெண்ணின் கோரிக்கை, ஒரு நூற்றாண்டை நெருங்கும் நிகழ்ச்சியாக நிற்கிறது. 2024 ஏப்ரலில் நெட்டலைத் தனி நிகழ்ச்சிகள் நின்றபோது, அந்த வழிபாடு ரேடியோ 4 எக்ஸ்ட்ரா என்ற டிஜிட்டல் நிலையத்துக்குப் போனது. நிகழ்ச்சி பிழைத்தது, அது நல்லது. ஆனால் கார்டியூ யாருக்காக எழுதினாரோ, அந்தப் படுக்கையில் கிடப்பவர், பழைய நெட்டலைப் பெட்டியைத் தவிர வேறொன்றும் அறியாதவர், அந்த மாற்றத்தைக் கடக்க வேண்டியவரானார்.

லண்டன் பிராட்காஸ்டிங் ஹவுஸின் நுழைவுக் கூடத்தில் 1931ஆம் ஆண்டிட்ட ஒரு லத்தீன் கல்வெட்டு இருக்கிறது. கலைகளின் கோயிலாகிய இந்த இல்லத்தை எல்லாம் வல்ல இறைவனுக்கு அர்ப்பணிக்கிறோம் என்றும், இங்கே விதைக்கும் நல்விதை நல்விளைவு தர வேண்டும் என்றும் முதல் ஆளுநர்கள் அதில் வேண்டுகிறார்கள். பாதிரியார் மகனான தலைமை இயக்குநர் ஜான் ரீத்தின் பெயரும் அதில் உண்டு. அர்ப்பணித்த பொருள் கொடுத்தவருக்கே முழு உரிமை இல்லாததாகிவிடும் என்பது எல்லாச் சமயங்களிலும் உள்ள நம்பிக்கை. கோயிலுக்கு எழுதிவைத்த நிலத்தை அறங்காவலர் தம் விருப்பப்படி விற்க முடியாது. பொது ஒலிபரப்பின் நிர்வாகிகளும் அறங்காவலர்களே. தங்களுக்கு முந்தியவர்கள் கொடுத்த வாக்குகள் அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன.

விட்டுப்போன இடம் வெறுமையாகவும் கிடப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ஏபிசி 2017 ஜனவரி 31 அன்று சிற்றலையை நிறுத்தியது. மிச்சம் 19 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பசிபிக் தீவுகளை எட்டிய அந்த அலைவரிசைகளில் சிலவற்றில் பின்னர் சீன வானொலி ஒலித்தது. லெபனானில் பிபிசி அரபு விட்டுச்சென்ற அலைவரிசையில் ரஷ்ய ஆதரவு ஊடகம் ஒலிபரப்புவதாக 2024இல் சொன்னவர் பிபிசியின் அப்போதைய தலைமை இயக்குநர் டிம் டேவியே.

கடனை அடைப்பது எப்படி என்றால், எல்லாவற்றையும் பழையபடி நடத்து என்று யாரும் கேட்கவில்லை. மூடுமுன் கேட்பவர்களிடம் அவர்கள் மொழியில், அவர்கள் கேட்கும் அலையிலேயே, காரணம் சொல்லலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம். இணையம் எளிதில் அறுபடும் நாடுகளுக்கு வாரத்தில் ஒருநாளாவது ஒரு சிற்றலை ஒலிபரப்பை விட்டுவைக்கலாம். போர் வந்தபின் அவசரமாகக் கட்டி எழுப்புவதைவிட, திரியை எரியவிடுவது எளிது. எந்த அலைவரிசை, எந்த நேரம் என்பது மக்கள் நினைவில் அழியாமலும் இருக்கும். தமிழோசையும் வங்காளச் சேவையும் பல பத்தாண்டுகளாகப் பதிந்த குரல்களை, அவற்றைக் காத்துக் கேட்ட சமூகங்களின் நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் திறந்துவிடலாம். ஒரு போரின் நாளேடு அந்தப் பதிவுகளில் இருக்கிறது.

பிபிசியின் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று காலாவதியாகிறது. எல்லா நேயர்களுக்கும் சேவை செய்வதே பணி என்று அது சொல்கிறது. ஆனால் உலக நேயரைப் பற்றித் தனியாகச் சொல்லும் இடத்தில், பிரிட்டனையும் அதன் பண்பாட்டையும் விழுமியங்களையும் உலகுக்குக் காட்டுவது நோக்கம் என்கிறது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் சுற்றியவர் பிரிட்டனைப் பார்க்கச் சுற்றவில்லை. தன் ஊரில் அன்று என்ன நடந்தது என்று அறியச் சுற்றினார். அடுத்த சாசனத்தை எழுதப்போகிறவர்கள், ஒரு மொழியில் வானொலியை மூடுமுன் அந்த நேயர்களுக்கு வேறு எந்த நம்பத்தக்க குரல் மிஞ்சுகிறது என்பதை ஆராய்ந்து, கண்டதை அவர்கள் மொழியிலேயே வெளியிட வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அந்த வரைவு மேசைக்கு வரும்போது ரூப்பூரிலிருந்தோ வன்னியிலிருந்தோ ஒருவரை அழைத்து உட்காரவைத்துக் கேட்கவும் இன்னும் நேரம் இருக்கிறது.